ராக் குழு உடைவது ஈகோவாலா, ஆம்பாலா?

வாசகர் கேள்வி, ஜூன் 3

அற்பாயுசில் போன ராக் குழு எதை எடுத்தாலும் காரணம் ஒன்றுதான், ஈகோ. கிரீம் 1966ல் தொடங்கி 1968ல் கலைந்தது. பிளைண்ட் ஃபெய்த் 1969ல் வந்து ஒரே ஆல்பத்தோடு காணாமல் போனது. நீங்களும் அந்த மாதிரி ஒரு குழுவில் பேஸ் கிட்டார் வாசித்ததாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கதையும் இதேதானே?

ஜூன் 3, இரவு

இல்லை. எங்கள் குழு சத்தத்தால் கலைந்தது. யார் பெரியவன் என்ற சண்டை வந்தது உண்மைதான், ஆனால் அது பின்னால் வந்தது. முதலில் வந்தது "என் கிட்டார் எனக்கே கேக்க மாட்டேங்குது" என்ற புலம்பல்.

ஜூன் 4

இரண்டு வரியில் சொன்னால் நம்ப மறுக்கிறீர்கள். சரி, விரிவாகவே.

நான்கு பேர். டிரம்ஸ் ஒருவன், லீட் கிட்டார் ஒருவன், பேஸ் நான், நான்காவது பாடகன். பாடகனிடமும் ஒரு கிட்டார் இருந்தது. பாதிப் பாட்டுகளில் அது சும்மா தோளில் தொங்கும். முழுசாக ஒரு வருடம் சேர்ந்திருந்தோமா என்பதே சந்தேகம். சொந்தப் பாட்டுகள் எல்லாம் ஒரு கேசட்டுக்குள் அடங்கிவிடும். மேடை ஏறியதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

டிரம்ஸில் வால்யூம் குமிழ் கிடையாது. தொல்லை அங்கேதான் ஆரம்பம். சின்ன அறையில் சிம்பலை ஓங்கி அடித்தால் கிட்டார்காரனுக்குத் தன் கிட்டார் கேட்காது. அவன் ஆம்பை, அதாவது கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரை, கொஞ்சம் ஏற்றுவான். அவன் ஏற்றினால் பேஸ் அமுங்கும், நான் ஏற்றுவேன். நாங்கள் இருவரும் ஏற்றிய பிறகு டிரம்மருக்குத் தன் அடியே காதில் விழாது, இன்னும் ஓங்கி அடிப்பான். திரும்பவும் முதலிலிருந்து. எவனும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒவ்வொருவனும் தனக்கு நியாயமான ஒரு சின்ன வேலையைத்தான் செய்தான்.

இந்தப் போட்டியில் சேர முடியாத ஒரே ஆள் பாடகன். அவன் மைக்கை ஏற்றினால், ஸ்பீக்கரில் வெளியே வந்த குரல் மறுபடி மைக்குக்குள் புகுந்து, பெருகி, கீச்சென்று ஊளையிடும். ஃபீட்பேக். அந்த எல்லையைத் தாண்டி எந்த மிக்ஸரும் அவனுக்கு உதவாது. அதனால் அவன் கத்துவான். ஒத்திகை முடியும்போது அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கும், எங்கள் மூவருக்கும் காது அடைத்திருக்கும்.

இதற்கு லீட் கிட்டார்காரன் கண்டுபிடித்த வழி, 50 வாட் ஆம்பை விற்றுவிட்டு 100 வாட் வாங்கியது. இரண்டு மடங்கு சத்தம் வரும் என்று நினைத்தான். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபெல்தான். கவனித்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபெல் ஏற வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதாவது 500 வாட் ஆம்ப். இதை அவனிடம் சொன்னபோது அவன் கண்ணில் ஒரு ஒளி வந்தது. சொல்லியிருக்கக் கூடாது.

ஜூன் 4, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 100 வாட் வந்த பிறகு பாடகன் ஒத்திகைக்குத் தாமதமாக வர ஆரம்பித்தான். "அவனுக்குத் தலைக்கனம்" என்று பேசிக்கொண்டோம். அவன் வந்து என்ன செய்யப் போகிறான் என்று எவனும் யோசிக்கவில்லை.

ஜூன் 6

"பேஸ்காரர் மட்டும் அப்பாவியா?" என்று ஒருவர். அப்பாவி இல்லை. ஆனால் பேஸுக்கு வேறு ஒரு சாபம் உண்டு, அதைக் கேளுங்கள்.

பேஸ் கிட்டாரில் மிகத் தடித்த ஈ (E) தந்தியை வெறுமனே மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்றால் அந்த ஒரு அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். எங்கள் ஒத்திகை அறையின் நீளமோ நாலு மீட்டர் சுமார். அலையில் கிட்டத்தட்டப் பாதி அந்த அறைக்குள் கச்சிதமாக உட்காரும். அப்படி உட்கார்ந்தால் இரண்டு கோடிச் சுவர்களிலும் சத்தம் குமுறும், நடு அறையில் அந்த ஸ்வரமே இருக்காது. அறைக்குக் கச்சிதமாகப் பொருந்துவது, கணக்குப் போட்டால், 43 ஹெர்ட்ஸ்; ஈ ஸ்வரத்துக்கும் அதற்கு அடுத்த எஃப்புக்கும் (F) நடுவில்.

எங்கள் முதல் சொந்தப் பாட்டின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துண்டு, ஈயில் ஆரம்பித்து எஃப்புக்கு ஏறி மறுபடி ஈயில் விழும். டிரம்மர் நடு அறையில் உட்கார்ந்திருந்தான். பாடகன் கோடிச் சுவரில் சாய்ந்து நிற்பான்.

டிரம்மர்: "பேஸே வரல, ஏத்து."
பாடகன்: "பேஸ் மண்டைய இடிக்குது, குறை."

இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் பொய் சொல்வதாகத்தான் எங்கள் எல்லோருக்கும் பட்டது. பாடகனுக்குப் பேஸ் என்றால் ஆகாது என்று நானும், டிரம்மர் என் பக்கம் கட்சி சேர்கிறான் என்று பாடகனும் முடிவு கட்டினோம். இரண்டு பேரும் இடம் மாறி நின்று கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும் விஷயம். இதையெல்லாம் ஈகோ என்ற கணக்கில் எழுதுவது சுலபம். நான் அறையின் கணக்கில் எழுதுகிறேன்.

ஜூன் 7

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: கிரீமில் டிரம்மர் ஜிஞ்சர் பேக்கரும் பேஸ் வாசித்த ஜாக் புரூஸும் ஒருவரை ஒருவர் சகிக்காதது ஊரறிந்த கதை, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று.

ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பகை கிரீமுக்கு முன்பே, கிரஹாம் பாண்ட் குழுவில் இருவரும் வாசித்த நாளிலேயே தொடங்கியது. ஆனால் பகை தெரிந்தும் ஏன் சேர்ந்தார்கள்? சேர்ந்து வாசிக்கும்போது கிடைத்த ஏதோ ஒன்றுக்காக. அது கிடைக்காமல் போனது எப்போது என்பதுதான் என் கேள்வி. ஒரு கச்சேரியின் நடுவில் கிரீமின் கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றாராம், மற்ற இருவரும் கவனிக்காமலே வாசித்துக்கொண்டு போனார்களாம். இது கிளாப்டனே சொன்ன கதை. கிட்டாருக்கும் பேஸுக்கும் பின்னால் ஆள் உயர மார்ஷல் ஆம்ப் அடுக்குகள். நடுவில் மைக்கோடு மல்லுக்கட்டும் டிரம்ஸ். அந்தச் சத்தத்தைப் பற்றி பேக்கர் கடைசிவரை புலம்பினார். பகைவர்கள் சேர்ந்து வாசிக்கலாம். காது கேட்காதவர்கள் முடியாது.

இன்னொரு பக்கம் தி கிங்க்ஸ் குழுவைப் பாருங்கள். ரே டேவிஸ், டேவ் டேவிஸ், அண்ணன் தம்பி. மேடையிலும் வெளியிலும் ஓயாத சண்டை. 1960களின் தொடக்கத்திலிருந்து 1996 வரை ஓட்டினார்கள். சண்டைதான் குழுவைக் கொல்லும் என்றால் அது முதல் வருடமே முடிந்திருக்க வேண்டும்.

பீட்டில்ஸ் 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு மேல் கூடியிருந்த கூட்டத்துக்கு வாசித்தார்கள். கூட்டத்தின் அலறலில் மேடையில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. தங்கள் குரலைத் தாங்களே கேட்க மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் வைக்கும் வழக்கமே அப்போது இல்லை. முன்னால் நிற்பவர்களின் தலையாட்டலைப் பார்த்துத்தான் பாட்டில் எந்த இடம் என்று கண்டுபிடிப்பேன் என்று அவர்களின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் பிற்பாடு சொன்னார். அடுத்த வருடம் ஆகஸ்டில், சான் பிரான்சிஸ்கோவில், கச்சேரிச் சுற்றுப்பயணத்துக்கே முழுக்குப் போட்டுவிட்டார்கள். வேறு காரணங்களும் இருந்தன. இது அவற்றில் சின்னது இல்லை.

ஜூன் 7, சற்று பின்

கிரீம் 2005ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மறுபடி சேர்ந்து வாசித்ததைச் சிலர் நினைவுபடுத்துகிறீர்கள். ஆம், ஆம்ப்களைச் சின்னதாக்கிக்கொண்டு. இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது.

ஜூன் 9

மேடைக் கதை ஏதாவது சொல்லச் சொன்னீர்கள். ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விட மனசில்லை.

எங்கள் லீட் கிட்டார்காரன் வைத்திருந்தது மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டார். பிரிட்ஜ் என்பது தந்திகளின் அடிமுனை மாட்டியிருக்கும் தட்டு; இதில் அது அசையும். பின்பக்கம் குழிக்குள் ஸ்பிரிங்குகள் பிரிட்ஜை ஒரு பக்கம் இழுக்கும், முன்பக்கம் ஆறு தந்திகளும் எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாக இருக்கும்வரை சுருதி நிற்கும். இம்மி பிசகினாலும் போச்சு.

இரண்டாவது பாட்டு. சோலோவில் இரண்டாம் தந்தியை வளைத்துத் தள்ளினான், படாரென்று அறுந்தது. ஒரு தந்தியின் இழுப்பு போனதும் ஸ்பிரிங் ஜெயித்துவிட்டது. மிச்சம் ஐந்து தந்திகளும் ஒரே நேரத்தில் சுருதி ஏறிக்கொண்டன, ஒவ்வொன்றும் வேறு வேறு அளவுக்கு. அது தெரியாமல் அவன் அடுத்த கார்டை முழு பலத்தோடு அடித்தான். அப்படி ஒரு அபஸ்வரத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. முன்வரிசையில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாற்றுக் கிட்டார் கிடையாது. அவன் ஆம்பை அணைத்துவிட்டு ஓரமாக மண்டியிட்டான். இந்த வகை பிரிட்ஜில் தந்தி மாற்றுவது லேசில்லை: நுனி உருண்டையை வெட்ட வேண்டும், ஆலன் கீயால் ஒரு முனையை இறுக்க வேண்டும், மறுமுனையில் பூட்டைத் திறக்க வேண்டும், பிறகு ஆறையும் மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். ஒன்றைச் சேர்த்தால் மற்ற ஐந்தும் நகரும்.

டிரம்மர் நிறுத்தவில்லை. அவன் நிறுத்தாததால் நானும் நிறுத்தவில்லை. அதே ரிஃப், ஈ, எஃப், ஈ. கிட்டார் இல்லாத மேடையில் சட்டென்று ஒரு பெரிய வெட்டவெளி. கிக் டிரம்மின் தோல் அதிர்வது என் முழங்கால் வரை வந்தது. என் விரல் தந்தியை விட்டு விலகும் நேரமும் அவன் பெடல் தோலில் படும் நேரமும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதை முதல்முறையாகக் காதால் கேட்டேன். அதுவரை கண்ணால் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்தேன். அவனும் அதைக் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அடியைக் குறைத்தான். நான் குறைத்தேன். அவன் ஹை-ஹாட் என்ற ஜோடி சிம்பலை மூடி, குச்சியின் நுனியால் மட்டும் தட்டினான். பாடகன் மைக் பக்கம் வந்து கத்தாமல் பாடினான். அவன் குரலில் ஒரு கரகரப்பு இருக்கிறது, கீழே இறங்கும்போது நன்றாக இருக்கும். குழு சேர்ந்த நாளிலிருந்து அது எங்களுக்குத் தெரியாது.

கூட்டம் அசைய ஆரம்பித்தது.

பிறகு லீட் கிட்டார்காரன் எழுந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு ட்யூனரின் சின்ன விளக்கைப் பார்த்துச் சேர்த்தான். 100 வாட்டை உயிர்ப்பித்தான். முன்வரிசை மொத்தமும் அரையடி பின்னால் நகர்ந்தது.

இறங்கியதும் எங்களைத் தட்டிக்கொடுத்தான். "நான் இல்லாம சமாளிச்சிட்டீங்க, பரவாயில்ல."

டிரம்மர் என்னைப் பார்த்தான். இரண்டு பேரும் கேபிளைச் சுருட்டினோம்.

ஜூன் 10

பிரிட்ஜ் பற்றி விவரம் கேட்டவர்களுக்கு: குழிக்குள் ஒரு மரத்துண்டை அளவாகச் செருகிவிட்டால் பிரிட்ஜ் ஸ்பிரிங் பக்கம் சாயாது, ஒன்று அறுந்தாலும் மிச்சம் ஐந்தும் தாங்கும். பின்னால் அவனும் அதைத்தான் செய்தான். பிரிட்ஜின் கைப்பிடியை மேல்பக்கம் இழுத்துச் சுருதி ஏற்றும் வித்தை மட்டும் போய்விடும். அவன் அந்த வித்தையை அளவுக்கு மீறிச் செய்துகொண்டிருந்ததால் எங்களுக்கு அது நஷ்டமாகத் தெரியவில்லை.

ஜூன் 15

பாடகனைப் பற்றி இன்னும் கொஞ்சம். அவனுக்கு மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பாடும் பழக்கம். பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் மேடை மைக் என்பது முன்பக்கம் வரும் ஒலியை வாங்கி, பின்பக்கம் வருவதைத் தள்ளும்படி செய்யப்பட்டது. அப்படித் தள்ளுவதற்குத் தலையின் பின்புறத் திறப்புகள் வழியாகவும் காற்று நுழைந்தாக வேண்டும். கையால் மூடினால் அந்தத் தந்திரம் கெட்டு, மைக் நாலா பக்கமும் வாங்க ஆரம்பிக்கும். உடனே ஊளை. எங்களோடு வந்த ஒலி ஆள் இதை அவனிடம் சொல்லிப் பார்த்தார். "அவருக்கு என் ஸ்டைல் பிடிக்கல" என்றான்.

இது ஈகோதான். இதை உங்கள் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

காது பற்றி ஒரு வார்த்தை, விளையாட்டில்லை. அமெரிக்காவின் நியோஷ் என்ற பணியிட உடல்நல ஆய்வு அமைப்பு வைத்திருக்கும் வரம்பு: 85 டெசிபெல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம். மூடிய அறையில் ராக் ஒத்திகை 100ஐ அலட்சியமாகத் தாண்டும். நாங்கள் மணிக்கணக்கில் வாசித்தோம், பஞ்சுகூட வைக்காமல். தி ஹூ என்ற ராக் குழுவின் கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்ட் தன் காது கெட்ட கதையைப் பல வருடங்களாக வெளிப்படையாகச் சொல்லி வருகிறார். எனக்கு இடது காதில் ஒரு மெல்லிய "ங்ஙீ" நிரந்தரக் குடித்தனம். டிரம்ஸின் சிம்பல் இருந்த பக்கம்.

ஜூன் 21

"பாட்டு யார் பெயரில் போட்டீர்கள்?" என்று ஒற்றை வரியில் கேட்டிருக்கிறார் ஒருவர். இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். சத்தம் என்ற என் வாதம் தள்ளாடும் இடம் இது.

கேசட் அட்டையில் எழுத லீட் கிட்டார்காரன் ஒரு காகிதம் கொண்டுவந்தான். பாட்டு வரிகள்: பாடகன். இசை: அவன். டிரம்மர் அதை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, "அப்ப ஒன் டூ த்ரீ ஃபோர் சொன்னது யாரு, அதையாவது போடு" என்றான். எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு சேர்ந்து அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

சட்டம் லீட் கிட்டார்காரன் பக்கம் கொஞ்சம் சாயும். பெரும்பாலும் மெட்டும் வரிகளும்தான் பாட்டு. டிரம்ஸ் அடிக்கு எழுத்துரிமை கிடைப்பது அபூர்வம். மற்ற வாத்தியங்களுக்குக் கிடைக்கலாம், ஆனால் போராட வேண்டும். ப்ரோகோல் ஹாரம் குழுவின் 1967 வெற்றிப் பாட்டில் அந்தப் புகழ்பெற்ற ஆர்கன் இழையை வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து வழக்குப் போட்டார். 2006ல் லண்டன் உயர் நீதிமன்றம் இசை உரிமையில் 40 சதவீதம் அவருடையது என்றது. மேல்முறையீட்டில், இணை ஆசிரியர் என்ற பட்டம் உண்டு, பணம் இல்லை என்று ஆனது. 2009ல், அன்று பிரிட்டனின் இறுதி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மறுபடி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஆர்கன் இல்லாமல் அந்தப் பாட்டை யாரும் முணுமுணுக்கக்கூட முடியாது, இருந்தும் அத்தனை இழுபறி.

ஆர்.ஈ.எம். குழு தங்கள் பாட்டுகளுக்கு நான்கு பேர் பெயரையும் போட்டது. குயீன் தன் 1989 ஆல்பத்தில் எல்லாவற்றுக்கும் குழுவின் பெயரையே போட்டது. இரண்டும் நீண்ட ஆயுள். இதிலிருந்து நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள் என்று தெரியும், வந்துகொள்ளுங்கள்.

ஜூன் 22

ராத்திரி முழுக்க அதே யோசனை. ஈ, எஃப், ஈ ரிஃப் என்னுடையது. பேஸில் நான் தனியாகத் தடவிக்கொண்டிருந்தபோது வந்தது. லீட் கிட்டார்காரன் அதையே ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, மேலே, கரகரக்கும் டிஸ்டார்ஷனில் வாசித்தான். அவன் நின்ற இடம் தன் ஆம்புக்கு முன்னால். அவனுக்குக் கேட்டது அவன் கிட்டார் மட்டும்தான். அந்த ரிஃப் தன் விரலில் பிறந்தது என்று அவன் மனசார நம்பினான் என்றே இப்போது தோன்றுகிறது. திருடியதாக அன்று நினைத்தேன்.

ஜூன் 22, மாலை

"எதைச் சொன்னாலும் காதிலேயே கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறீர்களே" என்று கேலி செய்கிறீர்கள். ஆமாம். இது என் இழை.

ஜூலை 2

ஒரு நல்ல செய்தி. கேசட் டிரம்மரிடம் இருந்திருக்கிறது. வாங்கி வந்து வீட்டு டெக்கில் போட்டேன். பாதாளத்திலிருந்து யாரோ முனகுவது போல ஏதோ வந்தது. திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கம் பாதாளமே தலைகீழாக ஓடியது.

நாடா கெட்டுவிடவில்லை. நாங்கள் பதிவு செய்தது நான்கு ட்ராக் கேசட் ரெக்கார்டரில்; ஒரே நாடாவில் நான்கு தனித்தனி ஒலிப்பாதைகள். டாஸ்காம் 1979ல் போர்ட்டாஸ்டுடியோ என்று கொண்டுவந்ததே, அந்த வகை. சாதாரண டெக்கில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். இந்த மெஷின்களில் பல, தரம் கூடட்டும் என்று அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டும். சாதாரண டெக்கில் போட்டால் பாதி வேகம், ஒரு முழு ஆக்டேவ் கீழே. அதோடு, சாதாரண கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு ட்ராக், மறுபக்கத்துக்கு இரண்டு. நாலு ட்ராக் மெஷின் நான்கையும் ஒரே திசையில் எழுதிவிடும். அதனால் திருப்பிப் போட்டால் மூன்றும் நான்கும் பின்னோக்கி ஓடும்.

அந்த மெஷின் கைக்குக் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. இரண்டு பக்கத்தையும் கணினியில் ஏற்றி, வேகத்தை இரட்டிப்பாக்கி, மறுபக்கத்தை மட்டும் தலைகீழாகத் திருப்பினால் நான்கு ட்ராக்கும் கிடைத்துவிடும். இரண்டு ஜோடியையும் நேர்ப்படுத்துவதுதான் வேலை, டெக்கின் வேகம் இரண்டு முறையும் ஒரே மாதிரி இருக்காது. எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம்: எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்ததால், டிரம்ஸ் பாடகனின் மைக்குக்குள்ளும் கசிந்திருக்கிறது. டிரம்மர் குச்சிகளைத் தட்டி எண்ணும் சத்தத்தை இரண்டு ஜோடியிலும் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். வழியில் இரண்டு மூன்று இடத்தில் வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது.

ஜூலை 4

நாலாவது ட்ராக்கை மட்டும் தனியாக ஓட்டினேன். குரல்.

நான் எத்தனையோ முறை வாசித்த அந்த முதல் பாட்டின் வரிகளை இப்போதுதான் கேட்கிறேன். முதல் சரணம் ஒரு காலி வீட்டைப் பற்றி. சுவரில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது என்று ஒரு வரி வருகிறது, அருமையான வரி. ரயிலைப் பற்றிய பாட்டு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் சரணமும் நன்றாகவே இருக்கிறது.

மூன்றாம் சரணத்தில் வார்த்தையே இல்லை. "நா நா ஹே, வா ரே ஓ" என்று வாய்க்கு வந்ததைப் பாடியிருக்கிறான், முழு உணர்ச்சியோடு, உச்சஸ்தாயியில்.

போன் போட்டேன். சிரித்துவிட்டு, "அது எழுதி முடிக்கவே இல்லடா. யாரும் கேக்கல, நானும் எழுதல" என்றான். மேடையிலும் அப்படியேதான் பாடினானாம், எல்லா முறையும்.

ஜூலை 11

டிரம்மர் ஓடுகிறான் என்பது எங்கள் குழுவில் நிலைத்த குற்றச்சாட்டு. ஒவ்வொரு பாட்டும் கோரஸுக்குப் பிறகு வேகம் பிடிக்கும், உடனே எல்லோரும் அவனை முறைப்போம். லீட் கிட்டார்காரன்தான் அதிகம் முறைப்பான். மெட்ரோனோம் வாங்கித் தருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொன்னான்.

ட்ராக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சரணம் நிமிடத்துக்கு 126 அடி, கோரஸ் 134. வேகம் கூடுகிறது, சந்தேகமில்லை. ஆனால் கோரஸின் முதல் அடியைப் பெரிதாக்கிப் பார்த்தால் கிட்டார் முந்துகிறது. ஒவ்வொரு கோரஸிலும் கிட்டார் முதலில் விழுகிறது, ஸ்நேர் டிரம் அதைத் துரத்திக்கொண்டு வருகிறது, இரண்டு மூன்று சுற்றில் எட்டிப் பிடிக்கிறது. நடுவில் பேஸ் யார் பக்கம் போவதென்று தெரியாமல் அல்லாடுகிறது. 100 வாட் பக்கத்தில் அலறும்போது டிரம்மர் வேறு யாரைப் பிடித்துக்கொண்டு போவான்?

டிரம்மரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அந்தத் துண்ட மட்டும் வெட்டி அனுப்பு" என்றான். அனுப்பினேன். அவன் அதை லீட் கிட்டார்காரனுக்கு ஒரு வார்த்தை சேர்க்காமல் தள்ளிவிட்டான்.

ஜூலை 12

லீட் கிட்டார்காரனின் பதில் வந்தது: "சூப்பர். சோலோ மட்டும் கொஞ்சம் கம்மியா கேக்குது, ஏத்த முடியுமா?"

ஜூலை 20

புதிதாகக் குழு தொடங்கும் சிலர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்.

ஒத்திகையில் முதலில் பாடகனின் மைக்கை வையுங்கள். ஊளையிடும் எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். அதுதான் உங்கள் அறையின் கூரை. மற்ற எல்லாம் அதற்குக் கீழே அடங்க வேண்டும், டிரம்ஸ் உட்பட. டிரம்மர் மெல்ல அடிக்க மாட்டேன் என்றால் மெல்லிய குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய ராட் வகை இருக்கிறது, சத்தம் கணிசமாகக் குறையும். முகம் சுளிப்பான். பழகிவிடும்.

கிட்டார் ஆம்பைத் தரையில் வைக்காதீர்கள். அதன் ஸ்பீக்கரிலிருந்து கூரான ஒலி ஒரு கற்றையாக நேரே பாயும். தரையில் இருந்தால் அது வாசிப்பவனின் முழங்காலுக்குத்தான் போகும். அவன் காதுக்கு மழுங்கலாகத் தெரியும், கூரான ஒலியைக் கூட்டும் ட்ரெபிளை ஏற்றுவான், எதிரே மூன்று மீட்டரில் நிற்பவன் காது கிழியும். பின்னால் சாய்த்து அவன் முகத்தைப் பார்க்க வையுங்கள். தானாகவே குறைத்துக்கொள்வான், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டு யார் பெயரில் என்பதை முதல் பாட்டு முடியும் முன்பே பேசிவிடுங்கள். அப்போது பங்கு போட ஒன்றும் இருக்காது, அதனால் எல்லோரும் தாராளமாக இருப்பார்கள்.

ஆகஸ்ட் 6

மறுபடி சேர்வீர்களா என்று கேட்டவர்களுக்கு: இல்லை. டிரம்மருக்கு முதுகுவலி, எனக்குக் காது, லீட் கிட்டார்காரனிடம் இன்னும் அந்த ஆம்ப் இருக்கிறது.

ஆனால் கேசட்டில் உள்ளதைச் சுத்தம் செய்து நான்கு பேர் பெயரிலும் வெளியிடுவதாக முடிவாகியிருக்கிறது. லீட் கிட்டார்காரன் முதலில் மௌனமாக இருந்தான், ரிஃப் யாருடையது என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை, ஒரு வாரம் கழித்துக் கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் அனுப்பினான். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். மூன்றாம் சரணத்துக்கு இப்போது வார்த்தை எழுதிப் பாடித் தருகிறேன் என்று பாடகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். வேண்டாம் என்று மூன்று பேரும் சொல்லிவிட்டோம்.